பொறுமைக்குப் போடும் மார்க்

அந்த அக்கா நம்மைக் கூப்பிடும் விதத்தை வைத்தே நம் சட்டையின் நிலைமையைத் தெரிந்துகொள்ளலாம். ‘தம்பி’ என்றால் எங்கேயோ நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கிறது. ‘கண்ணு’ என்றால் தையல் விட்டிருக்கிறது. ‘சாமி’ என்று கூப்பிட்டுவிட்டால் விஷயம் கைமீறிவிட்டது என்று பொருள். முதுகைச் சுவருக்குக் கொடுத்தபடி பக்கவாட்டில் நகர்ந்து வீடு போய்ச் சேருவது நல்லது. குறை பெரிதாகப் பெரிதாக அவருடைய மரியாதையும் பெரிதாகும்.

முதலிபாளையத்தில் நாங்கள் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் அவர் செக்கிங் பிரிவுக்கு இன்சார்ஜ். தைத்து முடிந்த பனியன் பெட்டிக்குள் போவதற்கு முன்னால் அவருடைய மேஜையைத் தாண்டியாக வேண்டும். டியூப்லைட் வெளிச்சத்தில் பீஸை விரிப்பார், கையை உள்ளே விட்டுத் திருப்புவார், தோள், அக்குள், கழுத்து, கீழ்மடிப்பு என்று விரல் ஒரு ஓட்டம் ஓடும். குறை இருக்கும் இடத்தில் சிவப்பு நிறத்தில் அம்புக்குறி போட்ட ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவார். அந்த அம்பைப் பார்த்துத்தான் தையல்காரர்கள் திருத்துவார்கள். வேலை முடிந்ததும் எல்லோரும் ஸ்டிக்கர் தாளை மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அக்கா அதை ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டு போவார்.

கம்பெனிச் சுவரில் கோணலாக மாட்டிய காலண்டருக்கு ஒரு அம்பு. கேன்டீனில் ஓரம் வேகாத போண்டாவுக்கு ஒரு அம்பு. ஒருமுறை எங்கள் சரக்கை வாங்கும் வெளிநாட்டுப் பையர் நேரில் வந்திருந்தார். மேனேஜர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பிரிவாகக் காட்டிக்கொண்டு வந்தார். அக்கா பையரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பார்த்த இடம் முகம் அல்ல, காலர். “சாமி” என்று மெதுவாகக் கூப்பிட்டார். மேனேஜர் கண்ணால் கெஞ்சினார். அக்கா யாரையும் பார்க்கவில்லை. பின்பக்கமாகப் போய், குனியச் சொல்லிக் கை காட்டி, அந்த ஆறடி மனிதரின் காலருக்குக் கீழே ஒரு அம்பை ஒட்டிவிட்டு வந்தார். பையர் அதை போட்டோ எடுத்துக்கொண்டு போனார். ஆர்டர் கிடைத்தது. ஆனாலும் அடுத்த தடவை பையர் வந்த அன்றைக்கு அக்காவுக்கு லீவு தரப்பட்டிருந்தது.

நான் அங்கே மெயின்டனன்ஸில் உதவியாளன். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு நேராக அங்கே போய்ச் சேர்ந்திருந்தேன். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் மிக்ஸி ஓடாவிட்டாலும், அத்தை மகனுக்குக் காது கேட்காவிட்டாலும், வீட்டில் என்னைத்தான் கேட்பார்கள். கம்பெனியிலும் அதே கதைதான். வண்டி நிறுத்தும் கொட்டகையில் யாராவது ‘டிப்ளமோ’ என்று கூப்பிட்டால் ஒரு வண்டிக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

ஒரு நாள் காலையில் அக்கா அங்கே தன் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் எனக்காகக் காத்திருந்தார்.

“தம்பி, பங்க்குல ரெண்டு தரம் பெட்ரோலு வெச்சிருக்கறாங்க, தெரியுமுங்களா?”

தம்பி என்றதும் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். “தெரியுங்கக்கா.”

“ஒண்ணு தொண்ணூத்தொண்ணு. இன்னொண்ணு தொண்ணூத்தஞ்சு. போர்டுலயே போட்டிருக்குதுங்க. இத்தன வருசமா நமக்குச் செகண்ட்ஸை ஊத்தி உட்டுப்போட்டு இருந்திருக்கறானுங்க.”

பனியன் ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் இது தோன்றும். முதல் தரம் கப்பல் ஏறும், அம்பு ஒட்டித் திருத்தியும் தேறாதது செகண்ட்ஸ் என்று உள்ளூருக்கு வரும் என்பது எங்களுக்கு ரத்தத்தில் ஊறியது. என் அப்பா இந்த ஊருக்கு வந்ததிலிருந்து செகண்ட்ஸ் பனியனைத் தவிர வேறு போட்டதில்லை. ஒரு கை நீளம், ஒரு கை குட்டையாக இருந்தால்தான் அவருக்கு அது சொந்தச் சட்டை மாதிரி இருக்கும். அதே கணக்கில், பங்க்கில் எல்லோரும் போடும் சாதாரணப் பெட்ரோல் ஏதோ ஒரு நாட்டில் திருப்பி அனுப்பப்பட்ட சரக்கு என்று அக்கா முடிவு கட்டிவிட்டார்.

அவருக்கு இந்த ஆராய்ச்சி வந்ததற்குக் காரணம் ஸ்கூட்டரின் மைலேஜ். அக்கா குடியிருக்கும் ஊத்துக்குளிப் பக்கம் மாட்டையும் வண்டியையும் பார்த்து ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: “என்ன தருது?” அக்காவின் வீட்டுக்காரர் மங்கலத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் மேஸ்திரி. அவருடைய பைக் நன்றாகவே தந்தது. அக்காவின் ஸ்கூட்டர் தரவில்லை. மடி வற்றிய மாட்டைப் பார்ப்பதுபோல அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைச் சுற்றி வந்து பார்ப்பாராம்.

அது தப்புக் கணக்கு என்று நான் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் மணி அடித்துவிட்டது. அக்கா போய் ஒரு மாதம் தொண்ணூற்றைந்தையே போட்டார். பிறகு மறுபடியும் கொட்டகையில் பிடித்தார்.

“நெய்யாட்ட ஊத்தறனுங்க தம்பி. எச்சா ஒண்ணுந் தரக்காணம்.”

“தராதுக்கா. அது தரத்துக்குப் போடற மார்க் இல்ல.”

“பின்ன எதுக்குங்க?”

பாலிடெக்னிக்கில் படித்ததை அப்படியே சொல்ல வாயெடுத்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் விட்டுவிட்டு எங்கள் கம்பெனி மாடிப்படியைக் காட்டினேன்.

“சாப்பாட்டு மணி அடிச்சா என்னக்கா நடக்கும்? படிப் பக்கத்து லைன் மொதல்ல எறங்கும். அதுக்கப்புறம் அடுத்த லைன். கடைசி மூலையில இருக்கற அயர்னிங் பசங்க அவங்க முறை வர்ற வரைக்கும் நிக்கணும். நின்னா எல்லாரும் ஒழுங்கா கீழ போயிரலாம். அவனுங்க நிக்காம ஓடியாந்தா?”

“படியில முட்டிக்குவானுங்க. போன வாரம் ஒருத்தன் சாம்பார் வாளிய என்ற மேல கவுத்துப்போட்டானே.”

“இன்ஜின்லயும் அதுதான். பெட்ரோலையும் காத்தையும் போட்டு நல்லா அமுக்கும். அமுக்கின பெறகு ஸ்பார்க் பிளக் ஒரு பொறி விடும். அதுதான் மணி. தீ ஒரு மூலையில பத்தி, வரிசையா அடுத்த மூலைக்குப் போவணும். அப்பத்தான் பிஸ்டனை ஒரே சீராத் தள்ளும். கடைசி மூலையில இருக்கற பெட்ரோலு, அமுக்கத்தையும் சூட்டையும் தாங்க முடியாம, தீ வந்து சேர்றதுக்கு முன்னாடி தானாவே பத்திருச்சுன்னா ரெண்டு தீயும் முட்டிக்கும். இன்ஜின்ல டிக் டிக்னு சத்தம் வரும். நாக்கிங்னு சொல்லுவோம். வண்டியத் தள்ள வேண்டிய பலம் இன்ஜினையே அடிக்கும்.”

“அப்ப இந்தத் தொண்ணூத்தஞ்சு?”

“எவ்வளவு அமுக்கினாலும் அதோட முறை வர்ற வரைக்கும் நிக்கிதான்னு பாத்துப் போடற மார்க்குக்கா. ஆக்டேன்னு பேரு. பொறுமைக்குப் போடற மார்க். அதுல பலம் ஒண்ணும் கூடுதலா இல்ல.”

அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார். “பொறுமைக்கெல்லாம் மார்க்குப் போடறாங்களா?”

“உங்க ஸ்கூட்டர்ல அமுக்கமே கம்மி. படி நல்ல அகலம். தொண்ணூத்தொண்ணே முட்டாம எறங்கிரும். மிச்சப் பொறுமைக்கு அங்க வேலை கெடையாது. மைலேஜும் ஏறாது.”

அவர் ஸ்கூட்டரின் பெட்ரோல் மூடியை விரலால் தட்டினார். “அப்ப இது ஃபர்ஸ்ட்டு, செகண்ட்ஸ் இல்லீங்க. எல், எக்ஸெல் மாதர. எந்த ஒடம்புக்கு எந்தச் சைசுன்னு பாத்துப் போடோணும்.”

எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. என் வகுப்பில் அதை அவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டவன் யாருமில்லை, நான் உட்பட. ஆனால் அந்த மகிழ்ச்சி மேற்கொண்டு என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. அக்கா ஹேண்ட்பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, போகிறபோக்கில் கேட்டார்:

“என்ற ஊட்டுக்காரருக்கு எத்தனைங்க இருக்கும்?”

மறுநாளிலிருந்து கம்பெனியில் ஆளுக்கொரு ஆக்டேன் வந்துவிட்டது. மேனேஜருக்கு எண்பது; “சித்த அமுக்கினாலே டிக்கு டிக்குங்கறாரு.” சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்லும் ஒடிசாத் தையல்காரருக்கு நூறு. வாட்ச்மேனுக்கு மார்க்கே கிடையாது, “அவரு மணி அடிச்சாலும் பத்த மாட்டாருங்க, அது டீசலு.” வீட்டுக்காரருக்கு எண்பத்தேழு போட்டு, அடைப்புக்குறி போட்டதுபோல, “அதும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்பறம்” என்பார். எனக்கு எத்தனை என்று பலமுறை கேட்டுப் பார்த்தேன். “உங்களுக்கு இன்னும் செக்கிங் முடியலீங்க தம்பி.”

மேனேஜர் புதிதாக ஒரு கார் வாங்கியபோது இது உச்சத்துக்குப் போனது. சின்ன இன்ஜினில் பெரிய பலத்தை அமுக்கி வைத்த ரகம் அது. தொண்ணூற்றைந்து போடச் சொல்லிப் பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் எழுதியே ஒட்டியிருந்தது. மேனேஜர் தொண்ணூற்றொன்றே போட்டார். மேம்பாலம் ஏறும்போது கார் முனகியது. அப்படிப்பட்ட கார்கள் முட்டலை உணர்ந்துகொண்டு பொறியையே சற்றுத் தள்ளிப் போட்டுத் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளும். அப்போது இழுவையும் குறையும், மைலேஜும் குறையும். மேனேஜர் என்னிடம் வந்து காரைத் திட்டினார். நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கமாக வந்த அக்கா நின்றார்.

“எக்ஸெல் ஒடம்புக்கு எல் போட்டிருக்கறாருங்க தம்பி. அக்குள்ல பிடிக்காதுங்களா?”

மேனேஜர் முகத்தில் டிக் டிக் என்று ஒன்று ஓடியது. மறுநாள் தொண்ணூற்றைந்து போட்டுக்கொண்டு வந்தார். கார் முனகவில்லை.

காருக்கு வழி பிறந்தது, அக்காவின் ஸ்கூட்டருக்குப் பிறக்கவில்லை. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். ஏர் ஃபில்டர் மாற்றினேன். டயரில் காற்றுப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. மைலேஜ் மட்டும் வரவில்லை. ஒரு சனிக்கிழமை அக்கா கொட்டகையில் ஸ்கூட்டரின் சீட்டைத் துடைத்தபடி சொன்னார்:

“வண்டியக் குடுத்துப்போடறேங்கறாரு. கம்பெனி வேன்ல போயிக்கோ அம்மிணின்னு சொல்லிப்போட்டாரு.”

“வேன் நல்லதுதானக்கா. மழை, வெயிலு ஒண்ணுமில்ல.”

அவர் துடைப்பதை நிறுத்தினார். “ஊட்டுல மாமியா இருக்குது. இங்க மேனேஜரு இருக்கறாரு. நடுவால அந்த ரோட்டுல மட்டுந்தான் கண்ணு நான் ஒருத்தருக்கும் பதில் சொல்றதில்ல.”

கண்ணு என்றாரே என்று முழங்கையைத் திருப்பி, கீழ்மடிப்பை இழுத்துப் பார்த்தேன். சட்டையில் ஒரு தையலும் விட்டிருக்கவில்லை. அதன் பிறகுதான் அவர் சொன்னது எனக்குள் இறங்கியது.

நானே அவருடைய வீட்டுக்குப் போய் மைலேஜ் டெஸ்ட் வைப்பதாகச் சொன்னேன். பெட்ரோலிலா, வண்டியிலா, எங்கே குறை என்று தெரிந்தால் சரிசெய்துவிடலாம், வண்டியைக் கொடுக்க வேண்டியிருக்காது என்று நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊத்துக்குளியை அடுத்த அவர்கள் ஊருக்குப் போனேன். வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து, “வாங்க தம்பி, வாங்க” என்று கையைப் பிடித்து அழைத்துப் போய், இட்லியின்மேல் வெண்ணெயை உருட்டி வைத்துச் சாப்பிட வைத்தார். மனைவியின் வண்டியைப் பிடுங்கப் போகிறவரிடம் இவ்வளவு மரியாதையை நான் எதிர்பார்க்கவில்லை. சாப்பிடும்போதே என் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா ஹேண்ட்பேக்கைத் தொடவில்லை. நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

பெட்ரோல் டேங்கிலிருந்து வரும் டியூப்பைக் கழற்றிவிட்டு, அளந்து ஊற்றிய ஒரு சின்ன பாட்டிலை ஸ்கூட்டர் கண்ணாடித் தண்டில் தலைகீழாகக் கட்டி, அதிலிருந்து கார்புரேட்டருக்கு டியூப் கொடுத்தேன். பாட்டில் தீர்ந்ததும் வண்டி நின்றுவிடும். எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டியதுதான். பால் ஊற்றப் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தினார்.

“ஏனுங்க, வண்டிக்குக் காய்ச்சலுங்களா? குளுக்கோஸ் ஏத்தறீங்க?”

“இந்த வாரம் குடுத்துப்போடறோமுங்க. அதான் கடைசியா ஒரு பாட்டிலு” என்றார் வீட்டுக்காரர்.

முதலில் தொண்ணூற்றொன்று. வீட்டுக்காரரே ஓட்டினார். முதுகை நிமிர்த்தி, ஆக்ஸிலேட்டரை அதிகம் திருகாமல், ஒரே சீராக, கோயில் தேர் போவதுபோலப் போனார். வண்டி பால் சொசைட்டியைத் தாண்டித் தென்னந்தோப்பு வேலியருகே நின்றது. டேங்க் டியூப்பை மாட்டி வண்டியைத் திரும்பக் கொண்டுவந்து, அதே அளவு தொண்ணூற்றைந்து ஊற்றிக் கட்டினேன். மறுபடியும் அதே சாலை, அதே தேர். அதே தோப்பு, அதே வேலி. ஒரு தென்னை முன்னே பின்னே இருந்திருக்கலாம். தாங்குவதற்கு அமுக்கமே இல்லாத இன்ஜினில் அதிகப் பொறுமையால் ஒரு பயனும் இல்லை என்று நான் சொன்னது கண்ணெதிரே நிரூபணமானது. எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டுக்காரர் கிலோமீட்டரைப் பார்த்துக் கணக்குப் போட்டபோதுதான் அந்தப் பெருமை இறங்கியது.

“நல்லாத்தானுங்களே தருது” என்றார். “என்ற பைக்குக்குக் கம்மியில்ல. பெட்ரோலுலயும் குத்தமில்ல, வண்டிலயும் குத்தமில்ல.” பிறகு மெதுவாக அக்காவைப் பார்த்தார். கணக்குப் போட்ட தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எண்பத்தேழுக்கு அது அதிகமான பொறுமை.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். “என்னையும் செக் பண்ணிப்போடுங்க தம்பி.”

மூன்றாவது பாட்டிலைக் கட்டினேன். “தெனமும் எப்படி ஓட்டுவீங்களோ அப்படியே ஓட்டுங்கக்கா” என்று சொல்லிவிட்டு என் பைக்கில் பின்னால் போனேன்.

முதல் வளைவிலேயே ஒருவர் மொபெட்டில் பால்கேன் கட்டிக்கொண்டு முன்னால் போனார். அவருடைய பனியனின் கீழ்மடிப்பு பிரிந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அக்கா ஹாரன் அடித்தார். முந்தப் போகிறார் என்று நினைத்து அவர் ஓரம் ஒதுங்கினார். அக்கா முந்தவில்லை, அவருக்குப் பின்னாலேயே ஒதுங்கினார். அவர் வேகத்தைக் கூட்டினார். அக்காவும் கூட்டினார். அவர் பயந்துபோய் ஒரு மண்தடத்தில் திருப்பிவிட்டார். அக்காவும் திருப்பினார். மாட்டுக் கொட்டகை வாசலில் அந்த மனிதர் இரண்டு கையையும் கூப்பாத குறையாக நின்றார்.

“கண்ணு, கீழ்மடிப்பு பிரிஞ்சிருக்குதுங்க. இப்பவே ஒரு தையல் போட்டா நிக்கும். உட்டா அக்குள் வரைக்கும் போயிரும்.” அம்பு ஒன்றை எடுத்து ஒட்டினார். “ஊட்டுல எங்கன்னு தேடாம தைக்கோணுமில்ல, அதுக்கு.”

மறுபடியும் சாலைக்கு வந்தோம். ரயில்வே கேட் சாத்தியிருந்தது. எல்லோரும் இன்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். அக்கா நிறுத்தவில்லை. ஒரு கையில் பிரேக், ஒரு கையில் ஆக்ஸிலேட்டர். பைக்குகளுக்கு நடுவே அரையடி அரையடியாக நகர்ந்தார். பார்வை ஒவ்வொரு முதுகாகப் போயிற்று. “தம்பி.” “கண்ணு.” “ஏனுங்க, உங்களைத்தானுங்க.” கேட் அவருக்கு இன்னொரு செக்கிங் மேஜை. கண்ணாடித் தண்டில் பாட்டில் இறங்கிக்கொண்டே இருந்தது. ரயில் போயிற்று. கேட் திறந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த ஒரு பைக்கைப் பார்த்து அக்கா திடுக்கிட்டார். வண்டியைத் திருப்பினார்.

“அக்கா, நாம போறது அந்தப் பக்கம்” என்று கத்தினேன்.

“தோள்பட்டை முச்சூடும் தொறந்து கெடக்குதுங்க தம்பி.”

வந்த வழியே துரத்தினார். “சாமீ, சாமீ” என்ற குரல் எனக்கு முன்னால் காற்றில் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பையன் கிடைக்கவில்லை. அதற்குள் பாட்டில் காலி. ஸ்கூட்டர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அக்காவின் வீட்டு வாசல் தெரிந்தது. வாசலில் வீட்டுக்காரர் நிற்பதும் தெரிந்தது.

அக்கா இறங்கினார். பாட்டிலைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது.

“இனிமே துரத்தாம போங்கக்கா. மைலேஜ் வந்துரும். வண்டியும் உங்ககிட்டயே இருக்கும்.”

“பாத்துப்போட்டு, பாக்காதவளாட்ட எப்படீங்க தம்பி போறது?”

அவர் ஹேண்ட்பேக்கைத் திறந்து ஒரு அம்பை உரித்தார். தன் சேலைத் தோளில் தானே ஒட்டிக்கொண்டார், முனை கழுத்தைப் பார்க்கும்படி. ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய் வீட்டுக்காரர் முன்னால் நிறுத்தினார்.

“பெட்ரோலு பாஸ். வண்டி பாஸ். நாந்தானுங்க ரிஜெக்ட்.”

வீட்டுக்காரர் வெற்றி பெற்றவர் மாதிரி நடந்துகொள்ளவில்லை. அம்பைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். “சேரி அம்மிணி. வேன்லயே போ” என்றார். சாவியை ஆணியில் மாட்டினார். எனக்குக் கொடுத்தனுப்பிய வெண்ணெய் கை முழுவதும் உருகிக்கொண்டே வந்தது.

திங்கட்கிழமையிலிருந்து அக்கா வேனில் வந்தார். வேன் தாமதமாக வந்தது. செவ்வாய்க்கிழமை இன்னும் தாமதமாக வந்தது. வார நடுவில், டேபிளில் பீஸ் குவிந்து கிடக்க, செக்கிங் பிரிவில் ஆளே இல்லை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

“ஏப்பா டிப்ளமோ, வேன் மைலேஜ் பாதியாக் கொறஞ்சுபோச்சு. டீசல்ல ஆக்டேன் சரியில்லையா?”

“டீசலுக்கு அது கெடையாதுங்க சார். அதுல ஸ்பார்க் பிளக்கே இல்ல. டீசலு தானாவே பத்தணும். அதுக்குப் பொறுமை இருந்தாத்தான் கெடுதல்.”

“அப்ப எனக்குத்தான் கெடுதல். போயி என்னன்னு பாரு.”

வேன் டிரைவர் திருநெல்வேலிக்காரர். கேட்டதும் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

“நான் என்னடே செய்ய? ‘சாமி, சித்த நிறுத்துங்க’ன்னு அந்தக்கா சொல்லுது. சாமின்னு கூப்பிடுத பொம்பளைட்ட நிறுத்த மாட்டேன்னு எப்பிடிச் சொல்லுவேன்? இப்பம் அந்தக்கா மட்டுமில்ல பாத்துக்கோ. அத்தனை பேரும் செக்கிங்காரங்க. எடப்பக்க சன்னல்ல ஒரு கூட்டம் பாக்கு, வலப்பக்க சன்னல்ல ஒரு கூட்டம் பாக்கு. நேத்து ஒரு கல்யாண ஊர்வலத்தை மறிச்சிட்டோம்.”

“யார் சட்டையில?”

“மாப்பிள்ளை.”

சனிக்கிழமை மேனேஜர் தன் தொண்ணூற்றைந்து காரில் என்னையும் ஏற்றிக்கொண்டு அக்காவின் வீட்டுக்கே போனார். ஸ்கூட்டரைப் பார்க்க ஒருவர் வரவிருந்ததால் வீட்டுக்காரர் அதைக் கழுவிக்கொண்டிருந்தார். மேனேஜர் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்திலேயே நின்றார்.

“ஏனுங்க, தயவுசெஞ்சு அந்த வண்டிய அவிங்களுக்கே குடுத்துப்போடுங்க.”

“குடிக்குதுங்களே சார்.”

“ஒரு ஸ்கூட்டரு குடிச்சாப் பரவாயில்லீங்க. என்ற வேனு ஒரு பிரிவையே ஏத்திக்கிட்டுக் குடிக்குது. காலைல வேல நடக்க மாட்டேங்குதுங்க.”

அக்கா உள்ளே கதவோரம் நின்றிருந்தார். வீட்டுக்காரர் கையிலிருந்த துணியைப் பிழிந்தார், உதறினார், மறுபடியும் பிழிந்தார். அந்தத் துணி ஒரு பழைய பனியன். ஓரத்தில் அம்பு ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தாரோ என்னவோ, போய் ஆணியிலிருந்து சாவியை எடுத்து வந்து அக்காவிடம் நீட்டினார்.

“மெதுவாவாச்சும் தொரத்து அம்மிணி.”

அக்கா சாவியை வாங்கிக்கொண்டு, வீட்டுக்காரரையே பார்த்தபடி என்னிடம் கேட்டார். “தொண்ணூத்தஞ்சு போடலாமுங்களா தம்பி?”

“ஸ்கூட்டருக்கு வேண்டாங்கக்கா, தொண்ணூத்தொண்ணே...”

“ஸ்கூட்டருக்கு இல்லீங்க.”

மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்காரருக்குப் புரிந்திருக்க வேண்டும், காதுமடல் சிவந்திருந்தது.

அடுத்த வருஷம் நான் வேறு கம்பெனிக்குப் போனேன். பிறகு கொரோனா வந்தது, கம்பெனிகள் மூடித் திறந்தன, யார் எங்கே என்று தெரியாமல் போயிற்று. இப்போதும் பின்னால் யாராவது ஹாரன் அடித்தால் வழி விடுவதற்கு முன் என் கை காலருக்குத்தான் போகிறது.

போன மாதம் ஊத்துக்குளிப் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். அதே ரயில்வே கேட் சாத்தியிருந்தது. நிறுத்தினேன். பின்னால் ஹாரன். விட்டு விட்டு, மரியாதையான ஹாரன்.

“சாமி.”

ஆண் குரல். என் இரண்டு கைகளும் தாமாகவே முதுகுக்குப் போயின. திரும்பினால் அக்காவின் வீட்டுக்காரர், அதே பைக்கில், இன்ஜினை நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் கொஞ்சம் கூச்சப்பட்டார். ஆனாலும் விடவில்லை.

“நடு முதுகுல தையல் முச்சூடும் போயிருச்சுங்க தம்பி.” சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். சிவப்பு அம்பு ஒன்றை உரித்து என் முதுகில் ஒட்டி, உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திவிட்டார்.

“அக்கா நல்லா இருக்காங்களா?”

“கேட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிதுங்க. அந்தப் பக்கம் அது, இந்தப் பக்கம் நான்.”

ரயிலின் கடைசிப் பெட்டி கடந்தது. தண்டவாளத்துக்கு அப்பால் ஸ்கூட்டர் ஒன்று பைக்குகளுக்கு நடுவே அரையடி அரையடியாக நகர்ந்துகொண்டிருந்தது. கேட் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது, கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டேன்:

“பைக்கு இப்ப என்னங்க தருது?”

அவர் முன்னால் போகும் முதுகுகளையே பார்த்தார். அவற்றில் ஒன்றில் எதையோ கண்டுபிடித்துவிட்டார் என்பது ஆக்ஸிலேட்டரைத் திருகிய வேகத்திலேயே தெரிந்தது.

“இப்ப வர்ற பெட்ரோலு சரியில்லீங்க தம்பி” என்று சொல்லிவிட்டு அதன் பின்னால் போனார்.